ராட்சத மலைப்பாம்புகள்: புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடக் கண்காட்சியானாலும் சரி, வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று கூப்பிடும் இடமானாலும் சரி, மலைப்பாம்பைப் பற்றி வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். நீளம் வருகிற இடத்திலெல்லாம், ஆளாளுக்குச் சொன்ன நீளம் எது, டேப் வைத்து அளந்த நீளம் எது என்று பிரித்தே எழுதியிருக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

உலகத்துலயே பெரிய பாம்பு எது சார்? மலைப்பாம்பா, அனகோண்டாவா?

நீளத்தில் மலைப்பாம்பு, எடையில் அனகோண்டா. நீளமானது தென்கிழக்கு ஆசியாவின் ரெட்டிகுலேட்டட் பைத்தான். வளர்ப்பவர்கள் ‘ரெட்டிக்’ என்பார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறோம். எடையில் முந்துவது தென் அமெரிக்காவின் பச்சை அனகோண்டா.

இரண்டு அளவுகளைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். 1999இல் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் மயக்க மருந்து கொடுத்து அளந்த ஒரு காட்டு ரெட்டிக் 6.95 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 23 அடி. எடை 59 கிலோ. வெனிசுலாவின் சதுப்புப் புல்வெளியில் பிடித்து அளந்த ஒரு பெண் அனகோண்டா 5.21 மீட்டர், 17 அடிதான், எடையோ 97.5 கிலோ. ஆறடி குட்டையான பாம்பு முப்பத்தெட்டு கிலோ கூடுதல். இந்த இரண்டுக்கு அடுத்து பர்மா மலைப்பாம்பு, ஆப்பிரிக்க மலைப்பாம்பு, நம் இந்திய மலைப்பாம்பு, ஆஸ்திரேலியா–நியூ கினி பக்கத்து ஸ்க்ரப் பைத்தான் ஆகியவை வருகின்றன. ரெட்டிக், பர்மா, அனகோண்டா மூன்றிலுமே பெண்தான் பெரிது.

வளர்ப்புல இருந்ததுலயே ரொம்ப நீளமானது எவ்வளவு?

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இருந்த ‘மெடூசா’ என்ற பெண் ரெட்டிக். 2011 அக்டோபர் 12 அன்று கின்னஸ் பதிவுக்காக அளந்தபோது 7.67 மீட்டர், அதாவது 25 அடி 2 அங்குலம்; எடை 158.8 கிலோ. முழுசாக நீட்டிப் பிடிக்கவே 15 ஆள் தேவைப்பட்டது. அதற்கு முன்னால் பேர் பெற்றது கொலம்பஸ் மிருகக்காட்சிசாலையில் இருந்த ‘ஃப்ளஃபி’, சுமார் 24 அடி. அது 2010இல் இறந்தது.

எடைக்குப் பேர் போனது இல்லினாய் மாநிலத்தில் இருந்த ‘பேபி’ என்ற பர்மா மலைப்பாம்பு: 182.8 கிலோ. இதை ஆரோக்கியத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இனத்துக்கு அது மிதமிஞ்சிய கொழுப்பு.

நான் 28 அடி, 30 அடின்னு புக்குலயே படிச்சிருக்கேனே?

படித்திருப்பீர்கள். பிட்ஸ்பர்க் மிருகக்காட்சிசாலையில் 1950களில் இருந்த ‘கொலோசஸ்’ என்ற ரெட்டிக்குக்கு 28 அடி 6 அங்குலம் என்று பல புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. இறந்தபிறகு எடுத்த அளவு 20 அடி 10 அங்குலம். மேலே சொன்ன ‘பேபி’ உயிரோடு இருந்தவரை 27 அடி. செத்தபின் அளந்தால் 18 அடி 10 அங்குலம். டேப் பட்டதும் எட்டடி கரைந்துபோனது.

நியூயார்க் விலங்கியல் கழகம் 30 அடிக்குக் குறையாத பாம்பை உயிரோடு கொண்டுவருபவருக்குப் பரிசு அறிவித்திருந்தது. 1,000 டாலரில் தொடங்கி 50,000 டாலர் வரை ஏற்றியும் பார்த்தார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் யாருமே வாங்கவில்லை. 2002இல் அறிவிப்பை எடுத்துவிட்டார்கள்.

வாட்ஸ்அப்ல 50 அடி பாம்புன்னு வீடியோ வருதே, அதெல்லாம் பொய்யா?

2003 கடைசியில் இந்தோனேசியாவின் ஜாவாவில் ஒரு பூங்கா, தன்னிடம் 14.85 மீட்டர் நீளமும் 447 கிலோ எடையும் உள்ள ரெட்டிக் இருப்பதாகச் சொன்னது. கிட்டத்தட்ட 49 அடி. செய்தியாளர்கள் நேரில் போய் டேப் வைத்தபோது சுமார் 7 மீட்டருக்குள்தான் இருந்தது. அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மற்ற வீடியோக்களில் தந்திரம் எளிது. நீளக் கம்பில் பாம்பைத் தொங்கவிட்டு கேமராவுக்கு முன்னால் நீட்டுவார்கள், ஆள் பத்தடி பின்னால் நிற்பார். படத்தில் பாம்பின் தடிமனையும் அதைப் பிடித்திருக்கும் கையின் விரல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கை படத்தில் இல்லையென்றால் நம்பாதீர்கள்.

உயிரோட இருக்கற பாம்பை எப்படித்தான் அளப்பாங்க?

மூன்று வழி. ஒன்று, ஆட்கள் வரிசையாக நின்று நீட்டிப் பிடிப்பது. இதில் பாம்பு தசையை இறுக்கிக்கொள்ளும். அதிகமாக இழுத்தால் முதுகெலும்பு மூட்டுகள் கெடும். இரண்டு, பாம்பு நிதானமாகக் கிடக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை முதுகின் நடுக்கோட்டில் கயிறு வைத்து, வளைவுக்கு வளைவு விரலால் அழுத்திக்கொண்டே போய், பிறகு கயிற்றை அளப்பது. கயிறு வளைவின் வெளிப்பக்கம் நழுவினால் அடிக்கணக்கில் கூடிவிடும். ஆகவே மூன்று தடவை அளந்து பார்ப்பது வழக்கம். மூன்று, மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அளப்பது. நம்பகமானது இதுதான், ஆனால் நீளம் தெரிந்துகொள்வதற்காக மட்டும் யாரும் செய்வதில்லை.

சட்டையை அளந்துவிட்டு பாம்பின் நீளம் என்று சொல்வது எல்லாவற்றிலும் மோசம். உரிக்கும்போதே சட்டை இழுபடுகிறது. 10 அடிப் பாம்பின் சட்டை 12, 13 அடி இருக்கும். பதப்படுத்திய தோலுக்கும் இதே கதைதான்.

நம்ம ஊர் மலைப்பாம்பும் அவ்வளவு பெருசா வளருமா?

வளராது. இந்திய மலைப்பாம்பு பெரும்பாலும் 8 முதல் 12 அடிக்குள். 15 அடி என்பதே அபூர்வம். ரெட்டிக் இந்தியாவில் நிக்கோபார் தீவுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காட்டில் இல்லை. பண்ருட்டி முந்திரித் தோப்பில் 20 அடி பார்த்தேன் என்பவர் பார்த்தது மலைப்பாம்பாக இருக்கலாம், அடிக்கணக்கு பயத்தினுடையது.

கரும்புக் கொல்லையில குட்டி மலைப்பாம்பு கெடந்துச்சு, சாக்குல போட்டு வெச்சிருக்கோம். என்ன பண்றது?

முதலில் சாக்கைத் தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ‘குட்டி மலைப்பாம்பு’ என்று பிடிக்கப்படுவதில் ஆபத்தான ஒன்று கண்ணாடி விரியன். அறுவடை நேரத்தில், எலி இருக்கும் வயலில், தடித்த உடம்போடு அசையாமல் கிடக்கும். மந்தமாக இருக்கிறதே என்று கையில் எடுப்பார்கள். சாக்கின் வழியாகவும் அதன் பல் இறங்கும்.

வித்தியாசம் இதுதான். கண்ணாடி விரியனுக்கு முதுகில் மூன்று வரிசையாக, ஒழுங்கான நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் ஓடும். செதில் சொரசொரவென்று மங்கலாக இருக்கும். சீண்டினால் குக்கர் விசில்போல உரக்கச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் கிழிந்த துணி ஓரம்போல ஒழுங்கில்லாமல் இருக்கும். செதில் வழவழவென்று வெயிலில் மின்னும். தலைமேல் அம்பு முனைபோல ஒரு அடையாளம், மேலுதட்டில் சிறு குழிகள். இதையெல்லாம் தூரத்திலிருந்தோ போட்டோவிலோ பார்ப்பதற்காகச் சொல்கிறோம், பக்கத்தில் குனிந்து பார்ப்பதற்கு அல்ல. சந்தேகம் என்றால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசைக்காமல் 108க்குக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ நேராகப் போங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

அவ்வளவு பெரிய பாம்புக்குத் தினம் எவ்வளவு தீனி வேணும்?

தினமும் இல்லை. வளர்ந்த ராட்சதப் பாம்புக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். 60 கிலோ ரெட்டிக் என்றால், மூன்று வாரத்துக்கு ஒருதடவை 2 அல்லது 3 கிலோ முயல் இரண்டு. உடம்பின் நடுப்பகுதித் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலான இரைவரை தாராளமாக விழுங்கும். மெடூசாவுக்கு முயல், பன்றி, மான் எல்லாம் கொடுத்தார்கள்.

நல்ல பராமரிப்பில் உயிருள்ள இரை போடுவதில்லை. எலியோ முயலோ திருப்பிக் கடித்தால் பாம்பின் கண் போகும். உறைந்த இரையை முதல்நாளே எடுத்து வைத்து முழுக்க இளகவிட்டு, வெந்நீரில் முக்கி 38–40 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரம் துடைத்து, ஒரு மீட்டர் இடுக்கியால் நீட்டுவார்கள். உதட்டுக் குழிகள் சூட்டைத்தான் தேடும். நடுவில் உறைந்தபடி இருந்தால் விழுங்கியது வயிற்றில் அழுகி, நாலாம் நாள் வாந்தியாக வரும். இரை எடுத்த ஐந்தாறு நாளைக்குப் பாம்பைத் தூக்கக் கூடாது.

தீனி வந்ததும் உடம்புக்குள் நடப்பதுதான் ஆச்சரியம். பர்மா மலைப்பாம்பின் இதயம் இரண்டு நாளில் சுமார் 40 சதவீதம் பெருக்கிறது. குடல், கல்லீரல், சிறுநீரகமும் கூடவே வீங்குகின்றன. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பும். இப்படிச் செலவைச் சுருக்கிக்கொள்வதால்தான் மாதக்கணக்கில் பட்டினி தாங்குகிறது. வாராவாரம் போட்டுக்கொண்டே இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து சீக்கிரம் சாகும்.

நசுக்கி எலும்பை ஒடிச்சித்தான் கொல்லுமா?

எலும்பு ஒடிவது அபூர்வம். மூச்சு முட்டித்தான் சாகிறது என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். போவா பாம்பையும் எலியையும் வைத்துச் செய்த 2015 ஆய்வில், இறுக்கிய சில நொடிகளிலேயே தமனியின் ரத்த அழுத்தம் பாதியாக விழுவது தெரிந்தது. ரத்த ஓட்டம் நிற்கிறது, மூளைக்கும் இதயத்துக்கும் எதுவும் போவதில்லை. ‘மூச்சைப் பிடித்துச் சமாளிக்கலாம்’ என்ற யோசனை ஆகவே உதவாது.

வளர்த்தவங்க பக்கத்துல நீட்டிப் படுத்தா, முழுங்கறதுக்கு அளவு பாக்குதுன்னு சொல்றாங்களே?

அது கதை. பாம்பு இரையை நீளம் பார்த்து எடுப்பதில்லை. தலை எங்கே, தடிமன் எவ்வளவு என்பதைத்தான் பார்க்கும். சூடு அதிகமானால் உடம்பு முழுக்க ஆறட்டும் என்று பாம்பு நீட்டிப் படுக்கும். அவ்வளவுதான்.

ஆனால் ‘வளர்த்தவரை அடையாளம் தெரியும், ஒன்றும் செய்யாது’ என்பதும் கதைதான். பழகிய பாம்பு கையைப் பார்த்துப் பதறாது, உண்மை. முயலைத் தொட்டுவிட்டு கை கழுவாமல் கூண்டைத் திறந்தால் அதற்கு முயல்தான் தெரியும். பராமரிப்பாளர்கள் கடிபடுவது பெரும்பாலும் கோபத்தால் அல்ல, இந்தத் தீனிக் குழப்பத்தால். இதற்காகவே கூண்டைத் திறந்ததும் கொக்கிக் கம்பால் பாம்பின் உடலை மெதுவாகத் தொடுவார்கள். தொட்டால் தீனி இல்லை, இடுக்கி வந்தால் தீனி என்று சில மாதங்களில் பழகிவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தனியா சூடு எதுக்கு? கூண்டு போட்டா போதாதா?

புதுச்சேரியில் பிரச்சினை சூடு குறைவது இல்லை, ஏறுவதுதான். ரெட்டிக்குக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31–33 டிகிரி, மறுபக்கம் 26–27 டிகிரி வேண்டும்; பாம்பு தேவைக்கேற்ப நகர்ந்துகொள்ளும். மே மாதம் மொட்டைமாடி ஷெட்டில் வைத்த கூண்டு மதியம் 40ஐத் தாண்டும். ஒதுங்க இடமில்லாத பாம்பு ஒரே பிற்பகலில் செத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிர்ப்பிரச்சினை: தரை ஈரம் காயாமல் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும், இரவுக் குளிரும் சேர்ந்தால் மூக்கில் குமிழி விட்டு நுரையீரல் சளி பிடிக்கும். பல்பு போடுவதாக இருந்தால் கம்பிக் கூடு இல்லாமல் போடக் கூடாது. பாம்பு பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்து போகும், சூடு சுடுவதை உணர்ந்து விலகத் தெரியாது.

அளவு என்று கேட்டால், கூண்டின் நீளமும் அகலமும் சேர்ந்து பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. 18 அடிப் பாம்புக்கு 12க்கு 6. முழுசாக நீட்டிப் படுக்க இடமிருந்தால் இன்னும் நல்லது. உடம்பு முழுக்க அமிழும் தொட்டி வேண்டும். அதில்தான் எச்சம் போடும், அன்றே தண்ணீர் மாற்ற வேண்டும். உள்ளேயே இழுகதவு வைத்த ஒரு பெட்டி இருந்தால், பாம்பை அதில் அடைத்துவிட்டு ஆள் உள்ளே போய்ச் சுத்தம் செய்யலாம். பூட்டு இரண்டு. மேலே காற்றுப்போக்கியை மறந்துவிடுகிறார்கள்: 2013இல் கனடாவின் கேம்ப்பெல்டன் ஊரில் ஓர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அடைப்பிலிருந்து காற்றுக் குழாய் வழியாக வெளியேறி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது.

புதுப் பாம்பு வந்தால் 90 நாள் தனி அறை, தனி இடுக்கி, தனி வாளி. திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்கு 2014இல் இலங்கையிலிருந்து வந்த அனகோண்டாக்களில் சில, பின்னாளில் என்டமீபா என்ற குடல் கிருமித் தொற்றால் இறந்தன. ஆமைகளின் குடலில் சும்மா கிடக்கும் அதே கிருமி பாம்புக்கு எமன். ஆமைத் தொட்டித் தண்ணீர் பாம்புக் கூண்டுப் பக்கம் வரவே கூடாது.

ஒடம்புல சுத்திக்கிச்சின்னா எப்படி விடுவிக்கிறது?

அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் விதி. ஒவ்வொரு ஐந்தடிக்கும் ஓர் ஆள். 8 அடி தாண்டினால் தனியாகக் கூண்டைத் திறப்பதே இல்லை. வளர்ப்புப் பாம்பால் இறந்த பெரியவர்களின் சம்பவங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆள் தனியாக இருந்திருக்கிறார்.

சுற்றிவிட்டால் வால் நுனியைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க வேண்டும். நடு உடம்பைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். கழுத்தில் சுற்று விழாமல் ஓர் ஆள் கவனிக்க வேண்டும். கடித்துப் பிடித்திருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, சதை பிய்ந்துவரும், பல் உள்ளே ஒடியும். பாம்பின் வாய் ஓரத்தில் ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்காகவே கூண்டுப் பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள்.

வெளிநாட்டுப் பாம்புன்னா வீட்டுல வளக்கலாம், சட்டம் இல்லன்னு சொல்றாங்களே?

இந்திய மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ வைத்திருந்தாலோ 3 முதல் 7 வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ‘நான் காப்பாற்றித்தான் வைத்திருந்தேன்’ என்பது எடுபடாது.

வெளிநாட்டு இனங்களுக்குச் சட்டம் இல்லை என்பது பழைய கதை. அந்தச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ரெட்டிக், பந்து மலைப்பாம்பு, அனகோண்டா எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருபவை. 2024 பிப்ரவரி விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பாங்காக் விமானத்தில் பெட்டிக்குள் வந்து சென்னையில் பிடிபடும் குட்டிகளுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. வாங்கியவரும் மாட்டுவார்.

சட்டத்தை விடுங்கள். இரண்டரை அடியில் கைக்குள் அடங்கும் ரெட்டிக் குட்டி, நன்றாகத் தின்றால் இரண்டு வருஷத்தில் பத்தடி தாண்டும், இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். முத்தியால்பேட்டை வாடகை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?

பீச்சுல கழுத்துல போட்டு போட்டோ எடுத்துக்கிட்டா தப்பா?

தப்புதான், பாம்பு வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன தண்டனை. அந்தப் பாம்புகளில் பலவற்றுக்கு வாயைத் தைத்தோ பல் பிடுங்கியோ இருக்கும். ஈறு சீழ் பிடித்துச் சில வாரத்தில் சாகும். காசு கொடுத்தால் அடுத்த பாம்பு வரும்.

வளக்க முடியலன்னா ஏரியில விட்டுடலாமே?

அமெரிக்காவின் புளோரிடா அப்படித்தான் கெட்டது. செல்லமாக வளர்த்து விட்டதும் தப்பியதுமான பர்மா மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகி, முயல், ரக்கூன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டன. 2016 போட்டியில் ஆயிரம் பேர் ஒரு மாதம் தேடிப் பிடித்தது 106.

அடுத்த வருஷம் நம் இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் 13 பாம்பு. அதில் ஒன்று 16 அடிப் பெண். மற்றவர்கள் வண்டியில் சாலையோரம் தேடியபோது, இவர்கள் இறங்கி நடந்து தடத்தையும் எச்சத்தையும் பார்த்துப் போனார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊசுட்டேரியில் ஒரு ஜோடி ரெட்டிக்கை விட்டால் யாரைக் கூப்பிடுவது என்று யோசியுங்கள்.

மழை வெள்ளத்துல மலைப்பாம்பு வீட்டாண்ட வந்துட்டா?

தென்பெண்ணையிலோ கெடிலத்திலோ தண்ணீர் ஏறினால் மேட்டைத் தேடி வரும். பத்தடி தள்ளி நின்று ஒருவர் கண்வைத்திருக்க, மற்றவர் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லட்டும். நாய், ஆட்டுக்குட்டி, சின்னப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். இரை விழுங்கிய பாம்பைக் கம்பால் குத்தி விரட்டினால் கக்கிவிட்டு ஓடும். அதற்கும் அது பெரிய அடி. தூரக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்பதும் சரியல்ல. பழகாத இடத்தில் மறைவிடம் தெரியாமல் அலைந்தே சாகும்.

ஆண் இல்லாமலே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்குமாமே, நிஜமா?

நிஜம். அமெரிக்காவின் லூயிவில் மிருகக்காட்சிசாலையில் ‘தெல்மா’ என்ற 20 அடி ரெட்டிக், ஆண் துணையே இல்லாமல் 61 முட்டை போட்டது. 2012இல் ஆறு குட்டிகள் பொரித்தன. மரபணுச் சோதனை 2014இல் வெளியானது: தகப்பன் கிடையாது, ஆறும் பெண்.

இதைச் சொன்னதும் ‘அனகோண்டாவும் முட்டையா?’ என்பார்கள். அது குட்டி போடும், ஓர் ஈட்டில் 20 முதல் 40. நம் மலைப்பாம்பு முட்டையைச் சுற்றிக் கிடந்து, சூடு குறைந்தால் தசையைத் துடிக்கவைத்து அடைகாக்கும். கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஒன்றும் தின்னாது.

இதையெல்லாம் நேர்ல பாக்கணும்னா எங்க போறது?

புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் சென்னை போகும் வழியில், மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. கிண்டியில் பாம்புப் பூங்கா, அதற்கிப்பால் வண்டலூர் உயிரியல் பூங்கா. பச்சை அனகோண்டாதான் வேண்டும் என்றால் மைசூரு அல்லது திருவனந்தபுரம். எந்தக் கூண்டில் எது காட்சிக்கு இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைத் தட்டாதீர்கள், எழுந்திருக்காது. பெரும்பாலும் தொட்டித் தண்ணீரில் மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி கிடக்கும், கூண்டு காலி என்று நினைத்துப் பாதிப்பேர் நகர்ந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை.